வீட்டுக்கு அனுப்பப்படும் வகுப்பறை

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் சொல், ‘ஃபிளிப்டு கிளாஸ்ரூம்’. தமிழில் தலைகீழ் வகுப்பறை என்கிறார்கள். விஷயம் எளிதானது. வகுப்பில் நின்று நடத்த வேண்டிய பாடத்தை ஆசிரியர் வீடியோவாகப் பதிந்து முன்கூட்டியே அனுப்பிவிடுவார். மாணவர்கள் அதை வீட்டில் பார்த்துவிட்டு வர வேண்டும். வகுப்பு நேரத்தில் விரிவுரை கிடையாது. கலந்துரையாடல், குழுவேலை, பயிற்சி, சந்தேகம் தீர்த்தல் ஆகியவைதான் நடக்கும். வகுப்பில் நடந்தது வீட்டுக்குப் போகிறது, வீட்டுப்பாடமாக இருந்தது வகுப்புக்கு வருகிறது.

இதை எதிர்க்கிறேன் என்றால், பழைய விரிவுரையைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று பெயர் வரும். ஒருவர் ஒரு மணிநேரம் பேச, மற்ற எல்லோரும் தலைகுனிந்து எழுதிக்கொள்ளும் வகுப்பு யாரையும் விடுவித்ததில்லை. வகுப்பு நேரத்தைப் பேச்சுக்குத் திறந்துவிடும் பாதியை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். என் எதிர்ப்பு மற்ற பாதிக்குத்தான். ஒரு மாணவர் பாடத்தை முதன்முதலாகச் சந்திக்கும் இடத்தை வகுப்பறையிலிருந்து பிடுங்கி வீட்டில் வைக்கிறார்களே, அதற்கு. சாதிச் சமூகத்தில் வீடு என்றால் என்ன என்ற கேள்வியைக் கேட்காமல் இதைச் செய்ய முடியாது. நாளைய ஆசிரியர்களை உருவாக்கும் இடத்தில் கேட்காமல் செய்தால், கேட்காமலிருக்கும் பழக்கமும் அவர்களோடு பள்ளிக்குப் போகும்.

வகுப்பைத் தவறவிட்டவர்களுக்காகப் பிறந்த முறை

2007-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உட்லண்ட் பார்க் உயர்நிலைப் பள்ளியில் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் தங்கள் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். விளையாட்டுப் போட்டிகளுக்காகத் தொலைவூர்களுக்குப் போய் வகுப்பைத் தவறவிடும் மாணவர்கள் பின்தங்கக் கூடாது என்பதே முதல் காரணம். இணைய வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு டிவிடியில் பதிந்து கொடுத்தார்கள். 2012-இல் இருவரும் எழுதிய நூல் இந்த முறையை உலகெங்கும் கொண்டுபோனது.

விடுபட்டவரை உள்ளே கொண்டுவருவதற்காகப் பிறந்த முறை இது. ‘யாரால் இதைப் பார்க்க முடியாது, அவருக்கு என்ன செய்வது?’ என்று அந்த ஆசிரியர்கள் முதலில் கேட்டார்கள். நம் ஊருக்கு முறை வந்து சேர்ந்தது, அந்தக் கேள்வி வந்து சேரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டுவிட்டால் கடமை முடிந்தது.

வீடு என்பது எது?

கோவிலம்பாக்கத்தில் குடியிருந்துகொண்டு, இந்தப் புறநகரில் உள்ள ஒரு தனியார் பி.எட். கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். ஒருநாள் என் மாணவர்களிடம் பாடத்தைப் பற்றி எதுவும் கேட்காமல், “வீடியோவை எங்கே உட்கார்ந்து பார்த்தீங்க?” என்று மட்டும் கேட்டேன்.

பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வரும் மாணவி சொன்னாள்: “மாடிப் படிக்கட்டுல உக்காந்து பாத்தேன் மேம். வீட்ல லைட் போட்டா அப்பா தூங்க முடியாது. காலைல நாலு மணிக்கு வேலைக்குக் கிளம்புறவரு.” மாலையில் உணவு டெலிவரி வேலை செய்யும் மாணவன் சொன்னான்: “ரெண்டு ஆர்டருக்கு நடுவுல, ஓட்டல் வாசல்ல நின்னுக்கிட்டு.” இரண்டு குழந்தைகளுக்குத் தாயான மாணவி சொன்னார்: “வீடியோ அது பாட்டுக்கு ஓடிட்டு இருந்துச்சு மேம். நான் தோசை ஊத்திட்டு இருந்தேன்.” இன்னொரு மாணவி சொன்னாள்: “எங்கப்பா ரிட்டயர்டு ஹெச்.எம். கூடவே உக்காந்து அங்கங்க நிறுத்தி விளக்கினாரு.”

கல்லூரியின் செயலியில் நால்வர் பெயருக்கும் எதிரே ‘பார்த்தாயிற்று’ என்று ஒரே மாதிரி பச்சைக் குறி. அந்தக் குறிக்கு அகமதிப்பீட்டில் மதிப்பெண்ணும் உண்டு.

அந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மீது எனக்குக் கோபமில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி ஓர் அப்பா இருந்தால் நல்லதுதான். ஆனால் சிலர் வீட்டில் மூன்று தலைமுறையாக ஆசிரியர்கள் இருப்பதும், வேறு சிலர் வீட்டில் இந்தப் பெண்தான் முதல் பட்டதாரி என்பதும் தற்செயலா? யாருக்கு எழுத்து, யாருக்கு உழைப்பு என்று சாதி பங்கு பிரித்ததன் மிச்சம் அது. ‘வீட்டில் படித்துவிட்டு வா’ என்று சொல்லும்போது, அந்த மிச்சத்தை முதலீடாகப் போட்டுவிட்டு வா என்கிறோம். முதலீடு இல்லாதவர் முதல் மணியிலேயே கடன்காரராக வகுப்புக்குள் நுழைகிறார்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி புதிதல்ல. 1953-இல் முதலமைச்சர் ராஜாஜி மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் நாளுக்கு மூன்று மணியாகச் சுருங்கியது. மீதி நேரம் வீட்டில், பெற்றோரின் தொழிலோடு இருக்க வேண்டும். இருக்கிற பள்ளியையும் ஆசிரியரையும் வைத்து இரண்டு வேளையாகக் கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்ற நிர்வாகக் கணக்கும், உழைப்பின் மேன்மை என்ற தத்துவமும் அதற்குத் துணையாகச் சொல்லப்பட்டன. பெரியார் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார். ‘வீடு’ என்ற பொதுச்சொல்லுக்குள் சலவைத் துறையும் சவரக் கத்தியும் தோல் பதனிடும் தொட்டியும் மறைந்திருப்பதை அந்த ஒரு பெயர் வெளியே இழுத்துப் போட்டது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

தலைகீழ் வகுப்பறையைக் குலக்கல்வி என்று நான் சொல்லவில்லை. பிள்ளையைத் தொழிலுக்கு அனுப்பும் நோக்கம் இதில் இல்லை. ஆனால் அன்று கேட்ட கேள்வி இன்றைக்கும் பொருந்தும். கல்வியின் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்பும் எந்தச் சீர்திருத்தத்திடமும், ‘எந்த வீட்டுக்கு?’ என்று நாம் கேட்டே ஆக வேண்டும். அறிவை வீட்டிலிருந்து பொது அறைக்குக் கொண்டுவந்ததுதான் நம் முன்னோரின் வெற்றி. அதை எந்த நிபந்தனையும் இல்லாமல் திருப்பி அனுப்ப முடியாது.

“அதான் எல்லார்கிட்டயும் போன் இருக்கே!”

இதுதான் வழக்கமாக வரும் பதில். 2017-18-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆவது சுற்றின்படி, இந்தியாவில் கணினி இருந்த வீடுகள் நகரத்தில் 23.4 சதவீதம், கிராமத்தில் 4.4 சதவீதம். அதன்பின் கைபேசி பரவியிருக்கிறது, உண்மைதான். தமிழ்நாட்டு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டமும் பல வீடுகளில் முதல் கணினியைக் கொண்டு வைத்தது. ஆனால் 2020 ஜூனில், கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் ஒரு தலித் மாணவி, வீட்டுத் தொலைக்காட்சி பழுதாகி இணையவழி வகுப்பைப் பார்க்க முடியாமல் உயிரை மாய்த்துக்கொண்டாளே, அதை மறந்துவிட்டா பேசுகிறோம்? இந்தியாவில் எழுத்தறிவில் முன்னணியில் நிற்கும் மாநிலங்களில் ஒன்றில் நடந்தது அது.

போனே பிரச்சினை என்றால், அரசு ஒரு போன் வாங்கிக் கொடுத்தால் தீர்ந்துவிடும். கல்விக்குத் தேவை ஒரு கருவி மட்டும்தானா? ஏறத்தாழ 400 சதுர அடி வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது அமைதி யாருக்குக் கிடைக்கும்? நீ படி, பாத்திரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மருமகளிடம் சொல்லும் வீடு எத்தனை? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணை, மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கமெல்லாம் தண்ணீர் நின்று நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. சதுப்புநிலத்தின் ஓரத்தில் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள் யார்? கூவம், அடையாறு கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள். நகரம் அவர்களை வெளியே தள்ளியது. இப்போது வகுப்பறையும் ‘உன் வீட்டிலிருந்து தொடங்கு’ என்கிறது.

குழுவேலையில் யார் நாற்காலி போடுவது?

வகுப்பு நேரம் பேச்சுக்குத் திறந்துவிட்டால் எல்லாம் சமமாகிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. இந்த யோசனையின் மூத்த வடிவம் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களில் வளர்த்தெடுத்தது. மாணவர்கள் முன்கூட்டியே படித்துவிட்டு வருவார்கள், வகுப்பில் ஒருவருக்கொருவர் விளக்கிக் கற்பார்கள். சக மாணவர் வழிக் கற்றல் என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரின் முதல் சொல்லிலேயே நமக்குச் சிக்கல் இருக்கிறது. சக மாணவர் யார்? சாதி இருக்கும் இடத்தில் ‘சக’ என்ற சொல் தானாக விளைவதில்லை. பாடுபட்டுத்தான் உண்டாக்க வேண்டும்.

பி.எட். வகுப்பில் ‘நீங்களே குழுவாகப் பிரிந்துகொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் வேடிக்கை பாருங்கள். பெயருக்குப் பின்னால் சாதி போடாத தமிழ்நாடு என்று பெருமைப்படுகிறோம். ஊர்ப்பெயர், உதவித்தொகைப் படிவம், பேசும் மொழி, சாப்பாட்டு டப்பா ஆகியவற்றை வைத்தே குழுக்கள் அமைந்துவிடும். ஆங்கில வழியில் படித்தவர் தலைவராவார், முன்னால் நின்று விளக்குவார். நாற்காலியை இழுத்துப் போடுவதும் சார்ட் ஒட்டுவதும் கடைசியில் அறையைக் கூட்டுவதும் யாருக்குப் போகிறது என்று கவனியுங்கள். வீடியோவைப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தவளிடம் சொல்வதற்கு ஒன்றுமே இல்லாமல் போவதில்லை. ஆனால் அரைகுறையாகப் பார்த்தோமோ என்ற அச்சத்தில் அவள் வாயைத் திறக்கமாட்டாள். விரிவுரை வகுப்பில் எல்லோரும் சேர்ந்து மௌனமாக இருந்தோம். இங்கே சிலருடைய மௌனம் மட்டும் தனியாகத் தெரிகிறது. ‘ஈடுபாடு குறைவு’ என்று அதற்கு ஒரு மதிப்பெண்ணும் விழுகிறது.

யாருக்கு லாபம்?

உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ்.வர்மா ஆணையம் 2012-இல் தந்த அறிக்கை, நாட்டின் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் சுமார் 90 சதவீதம் தனியார் கையில் இருப்பதைச் சுட்டிக்காட்டியது. தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐ எத்தனையோ காரணங்களுக்காக எதிர்க்கிறோம். ஆனால் அதே ஆணையத்தை மேற்கோள் காட்டி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தனிநிலைக் கல்லூரிகளில் பெரும்பாலானவை பட்டத்தை விலைக்கு விற்கின்றன என்று அந்தக் கொள்கை ஆவணமே ஒப்புக்கொள்கிறது. அடுத்த ஆண்டே, 2021 மே மாதம், பல்கலைக்கழக மானியக் குழு ஒரு கருத்துருவை வெளியிட்டது. ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை இணையவழியில் நடத்தலாம் என்றது. தலைகீழ் வகுப்பறையையும் அதற்கு ஒரு வழியாகப் பரிந்துரைத்தது.

இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். வகுப்பே நடத்தாமல் பட்டம் தரும் கல்லூரிக்கு, ‘பாடம் வீட்டில் நடக்கிறது’ என்ற மரியாதையான பெயர் கிடைத்துவிட்டது. ஒரு முறை பதிந்த வீடியோவை ஐந்து வருடம் ஓட்டலாம். பதிந்துகொடுத்த ஆசிரியரை அடுத்த வருடம் வேலையை விட்டு நிறுத்தலாம். கல்லூரிக்கு நூலகமும் வேண்டாம், கணினி அறையும் வேண்டாம். அவற்றுக்கு ஆகும் செலவை மாணவரின் டேட்டா கணக்கில் எழுதிவிடலாம். 1953-இன் நிர்வாகக் கணக்கு நினைவுக்கு வருகிறதா?

முறை ஏற்றுமதியானது, வாசலில் நின்றவர் நின்றபடியே

சென்னைக்கும் கற்பித்தல் முறைகளுக்கும் பழைய உறவு உண்டு. 1789 வாக்கில் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்புக்கு வந்த ஆண்ட்ரூ பெல், திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதையும், மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித்தருவதையும் பார்த்தார். அதை ஒரு முறையாக்கி 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. திண்ணையில் ஏற அனுமதிக்கப்படாத பிள்ளைகளைப் பற்றி அந்த முறையில் ஒரு வார்த்தை இல்லை. ஒரு முறை எவ்வளவு புதுமையாகவும் இருக்கலாம், உலகம் சுற்றியும் வரலாம். திண்ணை யாருடையது என்று அது கேட்காது. நாம்தான் கேட்க வேண்டும்.

ஏகலைவன் கதையும் இதைத்தான் சொல்கிறது. ஆசிரியரின் உருவத்தை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு, காட்டில் தனியாகப் பயின்றவன் அவன். இன்றைய வீடியோ மாணவன்போல! அப்படியும் அர்ச்சுனனை மிஞ்சினான். திறமை அவனை அரங்குக்குள் கொண்டுபோகவில்லை, கட்டைவிரலைத்தான் கேட்டது. தனியாகக் கற்க முடியுமா என்பதல்ல கேள்வி. எங்களுக்குத் தனியாகக் கற்றுப் பழக்கம் உண்டு. அரங்கில் இடம் உண்டா என்பதே கேள்வி.

அதனால்தான் ஜோதிராவ் பூலே 1882-இல் ஹண்டர் ஆணையத்திடம் பேசும்போது, கற்பிக்கும் முறையோடு நிற்கவில்லை. ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ எல்லோரும் பார்ப்பனர்களாக இருப்பதைச் சுட்டி, உழைக்கும் சாதிகளிலிருந்து ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கச் சொன்னார். எங்கள் ஊராட்சி ஒன்றியமான பரங்கிமலையில் 1883-இல் பிறந்த எம்.சி.ராஜா, சட்டமன்றத்தில் ஆதிதிராவிடர்களின் குரலாவதற்கு முன் பள்ளி ஆசிரியர்தான். ஆசிரியராவது நமக்கு ஒரு வேலைவாய்ப்பு மட்டுமாக ஒருபோதும் இருந்ததில்லை.

அப்படியானால் என்ன வேண்டும்?

முதலாவது, தலைகீழாக்குவதைக் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே செய்யுங்கள். காலை முதல் இரண்டு மணிநேரம் நூலகத்திலோ கணினி அறையிலோ எல்லோரும் பாடத்தைப் பார்க்கட்டும், படிக்கட்டும். பிறகு விவாதிக்கட்டும். அந்த நேரம் கால அட்டவணையில் இருக்க வேண்டும், ஆசிரியரும் அங்கே இருக்க வேண்டும். முறையின் நல்ல பாதி அப்படியே கிடைக்கும், வீடு என்ற தடை விலகும். வீடியோவோடு, அதே பாடம் தமிழில் அச்சிட்ட சில பக்கங்களாகவும் கையில் வர வேண்டும். அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்குக் காகிதம் காத்திருக்கும், வீடியோ ஓடிவிடும்.

இரண்டாவது, ‘பார்த்தாயிற்று’ என்ற குறிக்கு மதிப்பெண் தருவதை நிறுத்துங்கள். அது கற்றலை அளக்கவில்லை, வீட்டு வசதியை அளக்கிறது. தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் கோவிலம்பாக்கத்திலிருந்து அதிக தூரத்தில் இல்லை, காரப்பாக்கத்தில்தான் இருக்கிறது. இணைவுபெற்ற கல்லூரிகள் அனைத்துக்கும் ஒரு சுற்றறிக்கை போதும்.

மூன்றாவது, குழுக்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். பேசுவது, எழுதுவது, முன்னால் நின்று விளக்குவது, அறையைக் கூட்டுவது என எல்லா வேலையும் முறைவைத்துச் சுற்றி வரட்டும். பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் சாதி இப்படிப்பட்ட சின்ன விஷயங்களில்தான் குடியிருக்கிறது.

நான்காவதுதான் முக்கியமானது. விரிவுரையிலிருந்து மீட்ட அந்த ஒரு மணிநேரத்தில் எதைப் பேசுகிறோம்? 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனையும் அவனுடைய தங்கையையும், அவனோடு அதே பள்ளியில் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, கையில் வண்ணக் கயிறு கூடாது, பெயரின் அகரவரிசையில் மாணவர்களை உட்கார வையுங்கள் என்றெல்லாம் பரிந்துரைத்தது. இவற்றை நடைமுறைப்படுத்த வேண்டியவர் யார்? இன்று பி.எட். படித்துக்கொண்டிருப்பவர். 2022 இறுதியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியர் கைதானார். ஆசிரியர் பயிற்சி முடிக்காமலா அந்த நாற்காலிக்கு வந்திருப்பார்?

‘சமகால இந்தியாவும் கல்வியும்’ என்ற தாளில் சமத்துவமின்மை பற்றி அலகு இருக்கிறது. அதை வீடியோவில் பார்த்து நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போய்விடலாம். ஆனால் இரண்டாண்டுப் படிப்பில் 20 வாரம் பள்ளிகளுக்குப் போய்வரும் மாணவர்கள், அங்கே கண்டதைப் பேச ஓர் அறை வேண்டும். பயிற்சிக்குப் போய்த் திரும்பிய ஒரு மாணவி என் வகுப்பில் கேட்டாள்: “தண்ணி எடுத்துட்டு வரச் சொல்ல ஒரு பையன், கக்கூஸ் கழுவச் சொல்ல வேற ஒரு பையன். யார் யாரைக் கூப்பிடுறாங்கன்னு கவனிச்சேன் மேம். நான் அங்க டீச்சரா இருந்தா என்ன பண்ணணும்?” அன்று வகுப்பு மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அந்தக் கேள்விக்கு எந்த வீடியோவிலும் பதில் இல்லை. அதைக் கேட்க, எல்லோரும் ஒரே அறையில், ஒரே தரையில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

இதைப் படிக்கும் நீங்கள் பி.எட். மாணவராக இருந்தால், அடுத்த முறை ‘வீட்டில் பார்த்துவிட்டு வாருங்கள்’ என்று இணைப்பு வரும்போது எழுந்து நின்று கேளுங்கள்: எந்த வீட்டில்? கல்லூரியில் அதற்கு ஒரு மணிநேரமும் ஓர் அறையும் ஒதுக்கித் தரச் சொல்லுங்கள். தனியாகக் கேட்க வேண்டாம், நான்கு பேர் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். ஆசிரியரானதும், உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் எழுதிப்போடும் முன் அதே கேள்வியை உங்களிடமும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.